பெற்றவளே ஏன் சம்மதிக்கிறாள்? பெண்ணுறுப்பு அறுப்பு குறித்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்ணுறுப்பு அறுப்பை ஒழிப்பதற்கென ஐக்கிய நாடுகள் அவை குறித்திருக்கும் பிப்ரவரி 6 வந்தால் நாளேடுகளில் ஒரு பெட்டிச் செய்தி வரும். ஆப்பிரிக்க வரைபடம், ஒரு பிளேடு, அழுகிற சிறுமி. படிப்பவர்கள் ‘பெற்ற தாயா இப்படிச் செய்வாள்?’ என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் மகப்பேறு வார்டிலும் செவிலியர் பயிற்சியிலும் இருக்கும் நாங்கள் சிலர், அந்தக் கேள்விக்கு விடை எழுதலாம் என்று உட்கார்ந்தோம். குமரி மாவட்டத்துச் செவிலியர்கள் பிரிட்டனிலும் வளைகுடா நாடுகளிலும் பிரசவ அறைகளில் வேலை செய்கிறார்கள். சோமாலியா, சூடான், எகிப்து நாட்டுப் பெண்களை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். விஷயம் தெரியாமல் முகம் சுளித்தால் எதிரே படுத்திருப்பவள் அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டாள்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கிளிட்டோரிஸ் என்னும் மொட்டின் மேல்தோலோ, அதனோடு மொட்டின் வெளித்தெரியும் பகுதியோ அறுக்கப்படும். இரண்டாவதில் உள் உதடுகளும் போகும். மூன்றாவதில் உதடுகளை வெட்டி ஒன்றோடொன்று ஒட்டவைத்து, சிறுநீருக்கும் மாதவிலக்குக்கும் சிறு துவாரம் மட்டும் விடுவார்கள். குத்துதல், கீறுதல், சுரண்டுதல், சுடுதல் போன்ற மற்றவை எல்லாம் நான்காவது வகை. எதற்கும் மருத்துவக் காரணம் கிடையாது. இப்படி அறுக்கப்பட்ட பெண்கள், சிறுமிகள் 23 கோடிக்கும் மேல் என்று 2024இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. ஆப்பிரிக்காவில் 14 கோடிக்கு மேல். ஆசியாவில் 8 கோடி. ஆப்பிரிக்க வரைபடத்தை மட்டும் அச்சிடுவது தவறு என்பதற்கு இந்த இரண்டாவது எண் போதும்.

இனி, தாய் பற்றிய கேள்வி. அதற்குச் சோமாலியா வரை போக வேண்டாம். நம் ஊர்ப் பாட்டிமாரின் காதிலிருந்தே தொடங்கலாம்.

பாம்படமும் தண்டட்டியும் தொங்கிய காது தானாக வளர்ந்ததல்ல. கைக்குழந்தையாக இருக்கும்போதே குத்தி, துளையில் பஞ்சுத் திரியைத் திணித்து, துளை பெரிதாகப் பெரிதாக ஓலைச்சுருளும் அதன்பின் ஈய வளையமும் மாட்டி, எடையைக் கூட்டிக்கூட்டித் தோளைத் தொடும்வரை இழுத்து வளர்த்த காது அது. சீழ் பிடிக்கும். குழந்தை இரவெல்லாம் அழும். சிலருக்குச் சோணை அறுந்தே போகும். மாட்டிவிட்டவள் தாய், மாட்டச் சொன்னவள் பாட்டி. அவர்களில் யாரும் குழந்தையை வெறுத்தவர்கள் இல்லை. வடித்த காது இல்லாவிட்டால் ‘மூளி’ என்பார்கள், பெண் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள் என்ற பயம்தான். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடவுள் கொடுத்தபடி முழுசாக இருக்கிற காதுக்கு ‘மூளி’ என்று பெயர். இழுத்துக் கெடுத்த காதுக்கு ‘லட்சணம்’ என்று பெயர்.

காது வளர்ப்பும் பெண்ணுறுப்பு அறுப்பும் ஒரே அளவு தீங்கு என்று நாங்கள் சொல்லவில்லை. தொங்குகிற காதை வெட்டித் தைத்துக் கம்மல் போட்டுக்கொள்ளலாம். போன நூற்றாண்டில் பலரும் அப்படியே செய்துகொண்டார்கள். மற்றது அப்படி மீளாது. வழக்கம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிற விதம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால்தான் இந்த ஒப்பீடு. சூடானில் அறுக்கப்படாத பெண்ணுக்கு ‘கல்ஃபா’ என்று பெயர். அது வசைச்சொல். ‘கல்ஃபா பெற்ற மகனே’ என்று திட்டினால் கைகலப்பே வரும். காம்பியாவின் மண்டிங்கா மக்களிடம் அந்தச் சொல் ‘சோலிமா’. அறுக்கப்படாதவள் என்பதோடு நாகரிகம் தெரியாதவள், பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்கிற பொருளும் அதில் சேர்ந்தே வரும். முழுசாக இருப்பதற்கு அந்த மொழிகளிலும் நல்ல சொல் இல்லை.

இதே இடத்தில், மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நினைவுபடுத்துகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அந்த ஒப்பீடு பொருந்துவதாகத் தோன்றவில்லை. அங்கே பெண்ணின் உடம்பில் தாழ்ச்சியின் அடையாளத்தைத் திணித்தவர்கள் மேலே இருந்தவர்கள். எதிர்த்தவர்கள் அந்தப் பெண்களும் அவர்கள் வீட்டாரும். 1859இல் அரசாணை வந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஒரு சமூகமே காத்துக்கொண்டிருந்தது. அறுப்பில் மேலே யாரும் இல்லை. பாட்டி, அத்தை, தாய், அண்டை வீட்டுக்காரி என்று கையும் கண்காணிப்பும் எல்லாம் வீட்டுக்குள்ளேயே. அதனால்தான் வெளியிலிருந்து வருகிற எதிர்ப்பு ‘நம் பெண்களை அவமதிக்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நெருங்கிய ஒப்புமை சீதனம்தான். குமரி மாவட்டத்தில் 51 பவுனா 101 பவுனா என்று பேசாத சம்பந்தம் குறைவு. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். தனித்தனியாகக் கேட்டால் எல்லாரும் ‘சீதனம் தப்பு’ என்பார்கள். மகள் கல்யாணம் என்று வரும்போது ‘எல்லாரும் குடுக்காவ, நாம மட்டும் குடுக்காம இருந்தா பிள்ளைய யாரு கெட்டுவா?’ என்பார்கள். அந்தக் கணக்கில் ஏமாற்று இல்லை. ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் நஷ்டம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு. பத்து வீடு சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அறுப்பு வழக்கம் உள்ள நாடுகளில் நடப்பதும் இதுவே. ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் இவ்வழக்கம் உள்ள நாடுகளின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இது ஒழிய வேண்டும் என்று சொல்வதாக யுனிசெஃப் சொல்கிறது. வேண்டாம் என்று நினைக்கிற தாயின் மகளும் அறுக்கப்படுகிறாள். அடுத்த வீட்டுக்காரிக்கும் இது பிடிக்கவில்லை என்பது இவளுக்குத் தெரியாது. இது வாய்விட்டுப் பேசுகிற விஷயமாக இல்லாததால் தெரிந்துகொள்ள வழியும் கிடையாது.

கல்யாணம் மட்டும் காரணம் என்று நினைத்தாலும் பாதிதான் புரியும். செனகல்–காம்பியா பகுதியில் ஆய்வு செய்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். மருமகளாகப் போகிறவளுக்கு அங்கே வாழ்க்கையைக் கொடுப்பது மாமியாரும் மூத்த பெண்களும் சேர்ந்த கூட்டம். அடுப்பங்கரை, வயல்வேலை, பிள்ளைப்பேறு, கைமாற்று எல்லாம் அந்தக் கூட்டத்தின் கையில் இருக்கிறது. அறுக்கப்படாதவளை அவர்கள் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள், அவள் சமைத்ததையும் சிலர் தொடமாட்டார்கள். கணவனுக்கு ஆட்சேபம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் அவளுக்கு இடம் இல்லை. அதனால் இளம் தாய் தனியாக மறுத்துப் பயனில்லை. முடிவு பாட்டியின் கையில் இருக்கிறது. இளம் தாய்மாரை மட்டும் உட்காரவைத்துப் படம் காட்டும் திட்டங்கள் பல இடங்களில் ஏன் பிடிகொள்ளவில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

எந்த இனம் என்பது எந்த நாடு என்பதைவிடப் பெரிய காரணம். கென்யாவில் சோமாலி, கிசி இனத்தவரிடம் இந்த வழக்கம் பெருவாரி; அதே நாட்டின் லுவோ இனத்தவரிடம் அநேகமாக இல்லை. பெண் கொடுத்து எடுக்கிற வட்டம் எவ்வளவோ, வழக்கத்தின் வட்டமும் அவ்வளவு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது அவ்வளவு தூரத்துச் சங்கதியும் அல்ல. இலங்கையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களிடையே, பிறந்து 40 நாள் ஆகும்போது பெண்குழந்தைக்கு ‘ஒஸ்தா மாமி’ எனப்படும் அறுப்புக்காரியை அழைத்துச் செய்கிற வழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் கீறல் அல்லது சிறு வெட்டு. மாமி வருவதும் போவதும் பெரும்பாலும் வீட்டு ஆண்களுக்குத் தெரியாது. மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று 2018இல் இலங்கைச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. இந்தியாவில் தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தில் ‘கத்னா’ அல்லது ‘கஃப்ஸ்’ என்ற பெயரில் சுமார் ஏழு வயதில் நடக்கிறது. மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று பாட்டியோ அத்தையோ கூட்டிப்போவார்கள் என்பதை அச்சமூகத்துப் பெண்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அறுக்கப்படும் சதைக்கு அவர்களிடம் உள்ள பெயர் ‘ஹராம் நீ போட்டி’. ‘ஆகாத சதை’ என்று பொருள். ‘மூளி’யின் இன்னொரு உருவம். ‘சஹியோ’ என்ற அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வில் பதிலளித்த 385 போராப் பெண்களில் 80 சதவீதத்தினர் தாங்கள் அறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய அதே அளவினர் இது தொடரக்கூடாது என்றும் சொன்னார்கள். காரணமாகக் கேள்விப்பட்டவை என்று அவர்கள் குறிப்பிட்டவற்றில் முன்னால் நின்றவை மதம், ஆசையைக் கட்டுப்படுத்துதல், வழக்கம், சுத்தம். இது தெரிந்தவர் மூலம் தெரிந்தவருக்குப் போன இணைய ஆய்வு. எனவே சமூகம் முழுவதற்குமான விழுக்காடாக இதை எழுதக்கூடாது. பத்திரிகைகள் அடிக்கடி செய்யும் தவறு அது.

ஆண்களுக்குத் தெரியாமல் நடப்பதுதான் இந்த வழக்கத்துக்குப் பெரிய வேலி. ஆணுக்காகச் செய்வதாகச் சொல்கிறார்கள். அந்த ஆணைக் கேட்பதே இல்லை. ‘இது பொம்பளையாள் காரியம்’ என்று அப்பாவும் ஒதுங்கிவிடுகிறார். மகனுக்கு அறுக்கப்படாத பெண்ணையே பார்ப்போம் என்று நாலு அப்பாமார் வாய்விட்டுச் சொன்னால் கல்யாணச் சந்தையின் பயம் பாதி கழன்றுவிடும். சீனாவில் சிறுமிகளின் பாதத்தை இறுக்கிக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் சில ஊர்களில் ஒரே தலைமுறையில் மறைந்தது இப்படித்தான். அங்கே சங்கம் சேர்ந்தவர்கள் இரண்டு சத்தியம் செய்தார்கள்: என் மகளுக்குக் கால் கட்டமாட்டேன், கால் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கமாட்டேன். முதல் சத்தியம் மட்டும் இருந்திருந்தால் மகள்கள் வீட்டில் தங்கியிருப்பார்கள். இரண்டாவதுதான் மாப்பிள்ளைக்கு உத்தரவாதம்.

அறுப்பினால் வருகிற கேடு தாய்க்குத் தெரியாதா என்று கேட்கலாம். அன்றைய ரத்தப்போக்கு, வலி, சிறுநீர் அடைப்பு, டெட்டனஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குழந்தை இறந்தால் கண்ணேறு, பேய், கைராசி இல்லாதவள் என்று காரணம் வேறு பக்கம் போய்விடும். பின்னால் வருபவை இன்னும் மறைவானவை. தழும்புக்கடியில் கட்டி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கில் ரத்தம் தேங்கி வலி, உடலுறவில் வேதனை, பிரசவத்தில் கிழிசல். அறுத்தது ஏழு வயதில், தொந்தரவு இருபத்திரண்டில் என்றால் இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? மூன்றாவது வகை உள்ள ஊரில் சிறுநீர் கழிக்க கால் மணி நேரம் ஆகும். ஊரிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் அப்படியே ஆவதால் அது நோய் என்றே யாருக்கும் தோன்றாது. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,393 பிரசவங்களைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வுதான், அறுப்பின் வகை கூடக் கூட சிசேரியன், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, குழந்தை இறப்பு எல்லாம் கூடுகிறது என்று எண்ணிக்கையோடு காட்டியது. ஓர் ஊர்ப் பெண்ணால் தன் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்து அந்த முடிவுக்கு வரமுடியாது.

‘லேசாகத்தான் செய்கிறோம்’ என்ற பேச்சுக்கும் பதில் சொல்லவேண்டும். சிறுமியின் மொட்டும் மேல்தோலும் மிகச் சிறியவை. அந்த வயதில் தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். வலியில் குழந்தை துள்ளும். தோல் மட்டும், ஒரு நூல் அளவு மட்டும் என்று யாராலும் உறுதி சொல்லமுடியாது. நரம்பு மிகுந்த இடம் வேறு. ஆணின் சுன்னத்தோடு இதை ஒப்பிட்டு ஒரே பெயர் வைப்பதுதான் பாதி மரியாதையை வாங்கித் தருகிறது.

மதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். குர்ஆனில் இது இல்லை. இஸ்லாத்துக்கு முன்பே எகிப்தில் இருந்தது. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவர்களும் செய்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் பல நாடுகளில் இது கிடையாது. அதே நேரம், இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபின் பழைய நூல்களில் இது கடமை என்ற கருத்து உண்டு. இந்தோனேசியா, மலேசியா, இலங்கையில் வழக்கம் நிலைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ‘மதத்தில் இல்லவே இல்லை’ என்று அடித்துப் பேசுகிற வெளியாளிடம், படித்த மார்க்க அறிஞர் ஒருவர் நூலைத் திறந்து காட்டிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துபோகும். எகிப்தின் தாருல் இஃப்தா போன்ற மார்க்கத் தீர்ப்பு மன்றமே இதைத் தடுக்கப்பட்டது என்று சொல்லியிருப்பதை எடுத்து வைப்பது மேல். உள்ளே இருப்பவர் சொல்லும் சொல்லுக்குத்தான் அங்கே எடை.

ஒழிப்பு வேலையில் என்னென்ன தவறிப்போனது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தால் பயனில்லை. உடல்நலக் கேட்டை மட்டும் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். மக்கள் அதைக் கேட்டார்கள். கேட்டு, ஊர் அறுப்புக்காரியை விட்டுவிட்டு டாக்டரிடம் போனார்கள். எகிப்தில் இன்று சிறுமிகளுக்கு இதைச் செய்பவர்களில் பெரும்பான்மையினர் மருத்துவத் துறையினர். அங்கே 1994இல் அரசே மருத்துவமனைகளில் செய்ய அனுமதித்து, எதிர்ப்பு வந்து பின்வாங்கியது. 2007இல் ஒரு தனியார் கிளினிக்கில் 12 வயதுச் சிறுமி இறந்த பிறகுதான் மிச்சமிருந்த ஓட்டையை அடைத்து, 2008இல் குற்றமாக்கினார்கள். இந்தோனேசியா 2006இல் மருத்துவர்களைத் தடுத்தது, 2010இல் செய்முறை விதி வகுத்து அனுமதித்தது, 2014இல் அதை நீக்கியது, 2024இல்தான் குழந்தைகளுக்குச் செய்வதை ஒழிக்கவேண்டும் என்று அரசு ஒழுங்குவிதியில் எழுதியது. வெள்ளைக் கோட்டும் கையுறையும் வந்துவிட்டால் வழக்கத்துக்குப் புது மரியாதை வந்துவிடுகிறது. ரத்தம் குறையும், வழக்கம் குறையாது.

அறுப்புக்காரிகளுக்குப் பணமும் தையல் மிஷினும் கொடுத்து, கத்தியைக் கீழே போடவைத்து, விழா எடுத்தார்கள். கேட்கிற வீடு இருக்கும்வரை கத்தி எடுக்க இன்னொருத்தி வருவாள். அதே அறுப்புக்காரியே வேறு ஊரில் எடுப்பதும் உண்டு.

சட்டம் தேவை. ஆனால் முன்னால் ஓடுகிற சட்டம் முதுகில் குத்து வாங்கும். 1946இல் பிரிட்டிஷ் ஆட்சி சூடானில் கடுமையான வகையைத் தடைசெய்தபோது ருஃபாஆ ஊரில் கலகமே நடந்தது. 1956இல் கென்யாவின் மேரு பகுதியில் தடை வந்தபோது, வளரிளம் பெண்கள் தங்களைத் தாங்களே அறுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களுக்கு அது பெரியவளாவதற்கான சடங்கு. வெள்ளைக்காரன் தங்கள் பருவத்தையே பிடுங்குவதாக அவர்களுக்குப் பட்டது. இன்றைய சட்டங்களின் கெடுபிடியில் வேறொன்று நடக்கிறது: அறுக்கும் வயது கீழே இறங்குகிறது. பத்து வயதுப் பெண் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவாள், கைக்குழந்தை சொல்லாது. ஊர்வலமும் விருந்துமாக நடந்தது கதவடைத்து நடக்கும். எல்லை தாண்டிக் கூட்டிப்போவார்கள். காம்பியா 2015இல் தடை கொண்டுவந்து, 2024இல் அதை நீக்கும் மசோதா நாடாளுமன்றம்வரை வந்து ஜூலையில் தோற்றது. கட்டிய சட்டத்துக்கும் காவல் வேண்டியிருக்கிறது.

பலன் தந்த வேலை எது? செனகலில் மலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள், ‘தொஸ்தான்’ அமைப்பின் எழுத்தறிவு, உடல்நலம், உரிமை வகுப்புகளில் நெடுநாள் உட்கார்ந்து பேசிய பிறகு, 1997 ஜூலை 31 அன்று ஊரறிய நிறுத்துவதாக அறிவித்தார்கள். பக்கத்து ஊர்கள் காறித் துப்பின. கேர் சிம்பாரா என்ற ஊரின் இமாம் தெம்பா தியாவாரா, அந்தப் பெண்கள் செய்தது சரி என்றாலும் வழி போதாது என்று கண்டார். எங்கள் பிள்ளைகள் இந்த ஒரு ஊரிலா கல்யாணம் கட்டுகிறார்கள், கொண்டு கொடுக்கிற ஊர் எல்லாவற்றையும் கேட்கவேண்டாமா என்பது அவர் கணக்கு. ஊர் ஊராக நடந்தார். 1998 பிப்ரவரியில் தியாபூகு ஊரில் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. சட்டம் 1999இல் வந்தது. முறை சொல்லக்கூடியதுதான்: சம்பந்த வட்டத்தின் எல்லையைக் கண்டுபிடி, ஒவ்வொரு ஊரிலும் பேசத்தெரிந்த சிலரைப் பிடி, அவர்களில் பாட்டிமார் கட்டாயம் இருக்கட்டும், போதிய பேர் சேரும்வரை அறிவிக்காதே, சேர்ந்ததும் எல்லார் முன்னாலும் ஒரே நாளில் அறிவி. ரகசியமாக விட்டவள் ஒருத்தி, ரகசியமாக விட்ட இன்னொருத்தியைத் தெரிந்துகொள்வது அந்த மேடையில்தான்.

இதையும் மந்திரக்கோல் ஆக்கவேண்டாம். செனகல் முழுவதும் எடுத்தால் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 2005இல் 28 சதவீதம், 2019இல் 25. இந்த எண்ணில் முப்பது வருடம் முன்பு அறுக்கப்பட்டவர்களும் இருப்பதால் அது மெதுவாகத்தான் இறங்கும். மாற்றத்தைப் பார்க்க 15 வயதுக்குக் கீழானவர்களின் கணக்கை எடுக்கவேண்டும். அதற்கு மேலும், அறிவித்த எல்லா வீடும் விட்டுவிட்டதாக நினைப்பது அப்பாவித்தனம்.

சூடானில் 2008 வாக்கில் தொடங்கிய ‘சலீமா’ இயக்கம் எங்களுக்குப் பிடித்தது. அறுக்கப்படாத பெண்ணுக்கு ‘கல்ஃபா’வைத் தவிர வேறு சொல்லே இல்லாத இடத்தில், ‘சலீமா’ என்ற பழைய பெண்பெயரை எடுத்து முன்னே வைத்தார்கள். பழுதில்லாதவள், முழுசானவள் என்று பொருள். பாட்டும் பளபளப்பான துணியுமாகப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தார்கள். பிளேடு படம், ரத்தப் படம் எதுவும் இல்லை. 2020இல் அங்கே குற்றவியல் சட்டமும் வந்தது. போர் வந்து எல்லாவற்றையும் குலைத்துப் போட்டது வேறு கதை.

வெளிநாடு போகும் நம் செவிலியர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கர்ப்பிணி முதல்முறை வரும்போதே தனியாக வைத்துக் கேட்க வேண்டும்; கணவனையோ மாமியாரையோ மொழிபெயர்க்க விடக்கூடாது. ‘உங்களைச் சிதைத்தார்களா’ என்று கேட்டால் இல்லை என்பாள். ‘சின்ன வயதில் வெட்டினார்களா, மூடினார்களா’ என்று அவளுடைய சொல்லில் கேட்டால் சொல்வாள். பரிசோதித்ததைப் படம் வரைந்து வகையைக் குறித்துவிட்டால் வார்டு மாறும்போது பத்து பேர் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியதில்லை. மூன்றாவது வகைக்குத் திறப்பு அறுவை தேவை. கர்ப்பத்துக்கு முன்போ, சுமார் 20 வாரத்திலோ செய்வது வசதி. தவறினால் பிரசவ வலியின்போது செய்யலாம். மரத்துப்போக ஊசி போட்டு, ஒட்டிய தோலுக்குப் பின்னால் விரலையோ டைலேட்டரையோ காவலாக வைத்து, நடுக்கோட்டில் முன்னோக்கி, சிறுநீர்த் துவாரம் தெரியும்வரை வெட்டுவார்கள்; அதற்கு மேலே போவதில்லை. இரு விளிம்பையும் தனித்தனியாகத் தைப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு ‘பழையபடி தைத்துவிடுங்கள்’ என்று கேட்பார்கள். பிரிட்டனில் அது குற்றம். முக்கியமாக, இனி சிறுநீர் வேகமாகவும் சத்தத்தோடும் போகும், தோற்றமும் மாறும் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், தன்னை ஏதோ கெடுத்துவிட்டார்கள் என்று பயந்துபோவாள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குக் கீழான பெண்ணுக்கு இது நடந்திருப்பதை நேரில் பார்த்தாலோ அவளே சொன்னாலோ, 2015 அக்டோபர் 31 முதல் செவிலியர் தன் பெயரில் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும். மேலாளரிடம் சொன்னேன் என்பது போதாது. பெண்குழந்தை பெற்ற தாயிடம் பிரசவ வார்டில் பேசுகிற பத்து நிமிடம்தான் அடுத்த தலைமுறைக்கான வாசல்.

இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தபோது, இப்படி நடப்பதற்கு அதிகாரபூர்வத் தரவு இல்லை என்று மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் சொன்னது. அடுத்த ஆண்டு அட்டர்னி ஜெனரல், இருக்கிற தண்டனைச் சட்டத்தின்படியும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படியும் இது குற்றமே என்றார். வழக்கு 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதி அமர்வுக்கும், 2019இல் சபரிமலை வழக்கோடு எழுந்த மதவுரிமைக் கேள்விகளோடு சேர்ந்து இன்னும் பெரிய அமர்வுக்கும் போனது. தரவு இல்லை என்பவர்கள் கணக்கெடுக்கச் சொல்வதும் இல்லை. ஆனாலும் போக்சோ 19ஆம் பிரிவின்படி தகவல் தருவது எல்லாருக்கும் கடமை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உறவுக்காரப் பெண்ணோடு திடீர்ப் பயணம் போய் வந்த சிறுமி நடக்கச் சிரமப்படுவது, கழிவறையில் வெகுநேரம் இருப்பது, உட்கார முடியாமல் நெளிவது ஆகியவற்றை ஆசிரியர்கள் கவனித்தால் மிரட்டாமல் விசாரிக்கலாம். எந்தச் சமூகத்துப் பிள்ளை என்று பார்த்துச் சந்தேகப்படுவது அல்ல இது. 2017இல் கோழிக்கோட்டில் ஒரு கிளினிக்கில் இது நடப்பதாகச் செய்தி வந்தபோது எதிர்த்துக் கிளம்பியவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள்.

தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள். ‘பெண் சுன்னத்’, ‘பெண் விருத்தசேதனம்’ என்று எழுதவேண்டாம். ‘பெண்ணுறுப்பு அறுப்பு’ என்றே எழுதுங்கள். பேட்டி கொடுக்கும் பெண்களிடம் மட்டும் அவர்கள் சொல்லும் சொல்லையே பயன்படுத்துங்கள். பிப்ரவரி 6 பெட்டிச் செய்தியில் பிளேடு படத்துக்குப் பதிலாக 1098ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறுச் செவிலியர்களும் பயிற்றுநர்களும் சிலர்,
நாகர்கோவில் – தக்கலை – மார்த்தாண்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.